துடைக்காத கம்பிகள்

நான்கு கம்பிகள் வாங்குவதற்காக நான் சிங்கப்பூர்க் கடை ஒன்றுக்கு எழுதிய கடிதத்தில் ஏழு பத்திகள் இருந்தன. ஒவ்வொரு பத்திக்கும் எண் போட்டிருந்தேன். மூன்றாம் பத்திக்கு உட்பிரிவுகளும் உண்டு. நகல் ஒன்றைக் கோப்பில் வைத்துக்கொண்டேன். இதில் என் குற்றம் பாதிதான்; மீதி என் தொழிலுடையது. அப்போது மலாக்கா நகரத்தில் ஓர் அரசாங்க அலுவலகத்தில், அனுமதிச் சீட்டு வழங்கும் முகப்பில் நான் குமாஸ்தாவாக, ஊர்ப் பேச்சில் கிராணியாக, இருந்தேன். அவசரகாலம் முடிவதற்கு ஒரு வருடம் இருந்தது. எங்கள் மாநிலத்தில் ஊரடங்கையும் அரிசிக் கட்டுப்பாட்டையும் நீக்கிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. காட்டில் இருந்த கம்யூனிஸ்ட் போராளிகள் போய்விட்டார்கள். படிவங்கள் மட்டும் போகவில்லை. அவற்றுக்கு எங்கே போவதென்று தெரியவில்லை போலும்.

கம்பிகள் ஒரு பேஸ் கிதாருக்கு. கடலோர முகாமிலிருந்து ஊர் திரும்பிய ஆஸ்திரேலியச் சிப்பாய் ஒருவர், அதையும் அதன் ஒலிபெருக்கிப் பெட்டியையும் எங்கள் இசைக்குழுத் தலைவரிடம் விட்டுப் போனார். தலைவர் என்றால் டுரியான் துங்காலில் மளிகைக் கடை வைத்திருந்தவர். பகலில் மிளகாயும் கருவாடும் நிறுப்பார், மாலையில் ஆர்மோனியம் வாசிப்பார். டோலக் வாசித்தவர் பாயா ரும்புட்டிலிருந்து வரும் லோரி டிரைவர். நான் பள்ளிக்கூடத்து பேண்டு வாத்தியக் குழுவில் இரண்டு வருடம் இருந்தவன் என்பதால் கிதார் என் தோளில் ஏறியது. நான்கு கம்பிதானே, குமாஸ்தாவால் சமாளிக்க முடியும் என்றார்கள்.

எங்கள் குழுவின் உயிர் இந்த மூன்று பேரில் யாருமில்லை. டுரியான் துங்காலுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில், தாய்மார் மரம் சீவப் போகும் நேரத்தில் அவர்களுடைய பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் வேலை செய்த ஒரு பெண். முப்பது வயதிருக்கும். எங்களுக்கு அக்கா. தணிந்த குரல், கனத்த குரல். இருபது பிள்ளைகளைத் தூங்கவைத்துப் பழகிய குரல் என்பதால் அது உயர்ந்து கத்தக் கற்றுக்கொள்ளவே இல்லை.

முந்தைய வருடம் அவர் கோலாலம்பூரில் வானொலிக் குரல் தேர்வுக்குப் போய்த் தோற்றுத் திரும்பியிருந்தார். கடிதம் வந்தது. குரலில் குறையில்லை, ஆனால் பக்கவாத்தியத்துக்குள் அமிழ்ந்து போகிறது என்று எழுதியிருந்தார்கள். ஓராண்டு கழித்து இன்னொரு முறை வரலாம். அதிலும் தேறாவிட்டால் பிறகு விண்ணப்பம் ஏற்கப்படாது. விதியை நான் இரண்டு முறை படித்தேன். அதில் ஓட்டை இல்லை. நான் தேடி ஓட்டை கிடைக்காத விதிகள் குறைவு.

அக்காவுக்கு ஒரே ஆசை. தோட்டத்து மண்டபத்தில் அரசாங்கம் வைத்த ரேடியோ பெட்டி ஒன்று இருந்தது. பத்து வருடமாக அதிலிருந்து அறிவிப்பும் எச்சரிக்கையும் வந்துகொண்டிருந்தன. அந்தப் பெட்டியிலிருந்து ஒரு தடவை தன் குரல் வரவேண்டும்.

"பேஸ் எதுக்குங்க? அது இல்லாமலே பாடட்டுமே" என்று நான் கடைக்காரரிடம் கேட்டேன். பதில் சொன்னவர் அக்கா.

"கீழ ஒண்ணு பிடிச்சு நின்னாத்தான் தம்பி எனக்குக் காலை ஊன முடியுது. ஆர்மோனியம் தோள் மட்டத்துல நிக்குது. தரை வேணாமா?"

தரை வேண்டும். ஆனால் அது அவரை மூடக் கூடாது. அவ்வளவுதான் வேலை. சொல்ல எளிது.

சிப்பாய் விட்டுப்போன கம்பிகளில் ஒன்று அறுந்திருந்தது, மற்றவை கடற்காற்றில் துருப்பிடித்திருந்தன. லோரிக்காரர் எங்கிருந்தோ ஒரு பழைய பியானோவின் அடிக்கம்பிகளைக் கொண்டுவந்தார். அவை உருண்டைக் கம்பி சுற்றியவை. உள்ளே ஓர் எஃகுக் கம்பி, அதன் மேல் இன்னொரு உருண்டைக் கம்பியைச் சுருள் சுருளாகச் சுற்றியிருப்பார்கள். தொட்டால் திருகாணி மாதிரி இருக்கும். விரலை நகர்த்தும்போதெல்லாம் கீச்சென்றது.

"எலி மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கு" என்றார் அக்கா.

"எலியா இருந்தாலும் சுருதியோட கத்துதே, அதைப் பாருங்க லா" என்றார் லோரிக்காரர்.

எனக்கு வேண்டியது தட்டைச் சுற்றுக் கம்பி. அதில் மேலே சுற்றுவது உருண்டைக் கம்பியல்ல, நாடா போல் தட்டையான உலோகம். அடுத்தடுத்து இடைவெளியின்றிப் படிந்து, மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும். விரல் வழுக்கிப் போகும், கீச் வராது. ஒலியும் மினுங்காமல் கனமாக வரும். இதையெல்லாம் நகரத்துக் கடையொன்றில் இருந்த ஆங்கிலப் பட்டியலில் படித்தேன். மெல்லியது, நடுத்தரம், தடித்தது என்று மூன்று வகை. மெல்லியதில் விரலுக்குச் சுகம், தரைக்கு பலமில்லை. தடித்தது கழுத்தை வளைத்துவிடலாம். நடுத்தரம் என்று முடிவு செய்ய எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. பிறகு ஏழு பத்திகள்.

பொட்டலம் தபால் நிலையத்துக்கு வந்தபோது, எஃகுக் கம்பிச் சுருள் நான்கு என்று வெளியே எழுதியிருந்ததைப் பார்த்த அதிகாரி என்னை உள்ளே அழைத்தார். அந்தக் காலத்தில் கம்பிச் சுருள் என்றால் யாருக்கும் பாட்டு ஞாபகம் வராது, முள்வேலியும் வெடிகுண்டும்தான் வரும். நான் கடித நகலை நீட்டினேன். மூன்றாம் பத்தியின் உட்பிரிவுகள் வரை படித்தார். பிறகு பெருமூச்சுடன் முத்திரை குத்தினார். படிக்க வைத்தே ஒருவரைச் சம்மதிக்க வைக்கலாம் என்பது என் நீண்டநாள் அனுபவம்.

கம்பிகளோடு ஓர் அறிவுரைத் தாள் வந்திருந்தது. அதை நான் மதித்தேன். தட்டைச் சுற்றுக் கம்பியை நேராக வெட்டினால் சுற்று அவிழ்ந்து கம்பி செத்துவிடும். வெட்டும் இடத்துக்கு முன்னால் ஒடித்து மடக்கிவிட்டுத்தான் வெட்ட வேண்டும். மடக்கினேன், வெட்டினேன். ஒவ்வொன்றாக மாட்டி, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினேன். கடைசி வரி: ஒவ்வொரு முறை வாசித்த பின்னும் உலர்ந்த துணியால் நன்கு துடைக்கவும். இதற்காகவே ஒரு வெள்ளைத் துணி வாங்கி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

முதல் நாள் வாசித்தபோது எல்லோரும் ஆர்மோனியத்தைப் பார்த்தார்கள். என்னைப் பார்க்கக் கூச்சம். எலி போய்விட்டது, உண்மைதான். ஆனால் ஒவ்வொரு தட்டலிலும் ஒரு வெண்கல மினுக்கம் கிளம்பி, அக்காவின் குரல் எழும் அதே உயரத்தில் வந்து நின்றது.

"புதுப் பாத்திரம் மாதிரி பளபளங்குது. நான் பாடறது எனக்கே கேக்கல" என்றார் அக்கா.

லோரிக்காரர் வெளியே போய், தன் லோரியிலிருந்து ஒரு துண்டு ரப்பர் ஷீட்டுடன் வந்தார். கம்பிகள் கட்டையைத் தொடும் இடத்தில் அடியில் செருகினால் சத்தம் அடங்கும் என்றார்.

"உரிமம் இல்லாமல் ரப்பர் வைத்திருப்பது குற்றம்" என்றேன்.

"கட்டை விரல் அளவு, கிராணியாரே."

"சட்டத்தில் அளவு சொல்லவில்லை."

"அப்ப என்னைப் பிடிச்சுக் குடுத்துட்டு, மிச்சத்தை நீங்களே டோலக்குல வாசிச்சுக்குங்க."

செருகினோம். மினுக்கம் போனது. அதோடு நாதமும் போனது. ஒவ்வொரு ஒலியும் தொப்பென்று விழுந்து அங்கேயே முடிந்தது. அக்கா இரண்டு வரி பாடிவிட்டுத் தலையை ஆட்டினார். "கால் வைக்கறதுக்குள்ள தரையை உருவிடறீங்க." ரப்பரைத் திருப்பிக் கொடுத்தோம். சட்டம் காப்பாற்றப்பட்டது.

ஆக, கம்பியை வாசித்துத்தான் பழக்க வேண்டும். பழகிய தட்டைச் சுற்றுக் கம்பி நீண்டு ஒலிக்கும், ஆனால் மினுங்காது என்று பட்டியல் சொன்னது. அதற்குச் சில மாதங்கள் பிடிக்கும் என்றும் சொன்னது. குரல் தேர்வுக்கு ஏழு வாரம் இருந்தது. நான் ஓர் அட்டவணை போட்டேன். கிதார் கடையிலேயே இருக்கும். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் கடைக்காரர் தட்டுவார். டுரியான் துங்கால் வழியாகப் போகும்போது லோரிக்காரர் அரைமணி நேரம். அலுவலகம் முடிந்து பஸ்ஸில் வந்து நான் ஒரு மணி நேரம். ஞாயிறுகளில் அக்காவின் கணவரும் வந்தார். ரப்பர் மரம் சீவுகிற மனிதர். பாட்டு விஷயத்தில் அதுவரை ஆமென்றும் இல்லையென்றும் சொன்னதில்லை. பால் காய்ந்த விரல்களால், நான்கில் தடித்த கம்பியை மட்டும் ஒரே சீராகத் தட்டிக்கொண்டிருப்பார். அவர் சம்மதம் எங்களுக்கு இப்படித்தான் தெரிந்தது.

நாள்தோறும் துடைக்க வேண்டும் என்று துணிக்கும் ஒரு விதி வைத்தேன். மாலையில் நான் வந்ததும் முதல் வேலை, கம்பிகளைத் தலை முதல் கால் வரை துடைப்பது. வாசித்த பிறகு மறுபடி துடைப்பது. நான்கு வாரம் ஒரு நாள்கூடத் தவறவில்லை.

நான்கு வாரத்துக்குப் பிறகும் கம்பிகள் அன்று வந்தவை போலவே மினுங்கின. அக்கா எதுவும் சொல்வதை நிறுத்திவிட்டார். அது நல்ல அறிகுறியல்ல. ஒரு ஞாயிறு, "போன வருசம் மாதிரியே போயிட்டு வந்துருவோம் தம்பி, பரவாயில்லை" என்றார். பரவாயில்லை என்ற சொல்லை அவர் சொன்ன விதத்தைக் கேட்டு, அன்று கம்பிகளை இன்னொரு முறை அதிகமாகத் துடைத்தேன்.

பிறகு ஆயுதபூஜை வந்தது. எங்கள் அலுவலகத்துக்கு அன்று விடுமுறை இல்லை. வேலை முடித்து மாலை ஐந்தரைக்குக் கடைக்குப் போனேன். தராசு, படிக்கல், கத்தி, லோரிச் சாவி, அக்காவின் கணவருடைய பால்வெட்டு உளி, ஆர்மோனியம், டோலக் எல்லாம் வரிசையாகச் சாமி படத்துக்கு முன் இருந்தன. எல்லாவற்றிலும் சந்தனப் பொட்டும் குங்குமமும். நடுவில் கிதார். அதற்கும் பொட்டு வைத்தவர் அக்கா. மரத்தில் வைத்துவிட்டுக் கம்பியைப் பார்த்திருக்கிறார். பேசுவது கம்பிதானே, அதற்கு வைக்காமல் கட்டைக்கு மட்டும் வைத்தால் எப்படி? மெல்லிய கம்பியில் பொட்டு நிற்கவில்லை. அதனால் அரைத்த சந்தனத்தை விரலில் எடுத்து நான்கு கம்பிக்கும் மேலிருந்து கீழ்வரை பூசி, ஈரம் காய்வதற்குள் குங்குமத்தையும் தூவியிருந்தார்.

என் கை சட்டைப் பைக்குப் போனது. துணி வெளியே வந்துவிட்டது.

"தம்பி" என்றார் கடைக்காரர். "பூஜையில வச்சதை நாளைக்கு மறுபூஜை முடியாம தொடக் கூடாது. உங்களுக்குத் தெரியாத விதியா?"

தெரிந்த விதிதான். அரசாங்க விதிக்காவது மேல்முறையீடு உண்டு. துணியை மடித்துப் பையில் வைத்தேன். ஈரச் சந்தனம் நல்ல எஃகின் மேல் ஒரு முழு இரவும் ஒரு பகலும் இருக்கப்போகிறது. சிங்கப்பூருக்கு இன்னொரு ஏழு பத்தி எழுத நாள் இல்லை.

மறுநாள் மறுபூஜை முடிந்து கற்பூரம் காட்டிய பிறகு கிதாரை எடுத்தேன். துணியை எடுக்கும்போது அக்கா தடுத்தார். "சாமிக்குப் பூசினதைத் துடைக்கலாமா? வாசிங்க. உதிர்றது உதிரட்டும்."

வாசித்தேன். முதல் தட்டலில் சிவப்புத் தூள் பறந்து என் வெள்ளைச் சட்டையில் படிந்தது. இரண்டாவது தட்டலில் கடைக்காரர் ஆர்மோனியத் துருத்தியிலிருந்து கையை எடுத்தார். ஒலி நீண்டது, ஆனால் தரையோடு தரையாக நீண்டது. மேலே எதுவும் மினுங்கவில்லை. யாரும் சொல்லாமலே அக்கா பாட ஆரம்பித்தார். பாட்டு முடியும் வரை ஒரு வாடிக்கையாளர் வாசலில் எண்ணெய்ப் போத்தலோடு காத்திருந்தார்.

"சந்தனத்துக்கு இம்புட்டு சக்தியா?" என்றார் லோரிக்காரர்.

கடைக்காரர் வியாபாரி. எதையும் நிறுத்துப் பார்ப்பவர். "சந்தனம் ஒரு நாள்தான்யா இருந்துச்சு. நாலு வாரமா நாலு பேரு வாசிச்சோம். வேர்வை, கருவாடு, எஞ்சின் எண்ணெய். அந்த அழுக்கெல்லாம் எங்க போச்சு?"

எல்லோரும் என் சட்டைப் பையைப் பார்த்தார்கள். நானே துணியை எடுத்து விரித்தேன். வெள்ளையாக வாங்கிய துணி அடுப்படித் துணி போல் கறுத்திருந்தது. நான்கு வாரத்து உழைப்பு முழுவதும் அதில்தான் இருந்தது. புதுக் கம்பியைப் புதுக் கம்பியாகவே வைத்திருப்பதற்கான விதியை, பழையதாக்க வேண்டிய கம்பிக்கு நான் தவறாமல் கடைப்பிடித்திருந்தேன்.

"பேசாம இந்தத் துணியை ரேடியோவுக்கு அனுப்பிருவோம், கிராணியாரே" என்றார் லோரிக்காரர். "இது பாஸ் ஆயிரும்."

சிரிக்காமல் இருந்தவர் அக்கா ஒருவர்தான். "அவரு நல்லதுக்குத்தானே செஞ்சாரு" என்றார். அது லோரிக்காரர் சொன்னதைவிட அதிகமாக உறைத்தது.

அடுத்த மூன்று வாரம் யாரும் துடைக்கவில்லை. கடைக்காரர் மிளகாய் நிறுத்த கையோடு வாசித்தார், லோரிக்காரர் கிரீஸ் கையோடு, நான் பேனா மை படிந்த கையோடு. மெல்லிய கம்பியில் ஓரிடத்தில் குங்குமம் கட்டியாக நின்று கரகரத்தது, அதை மட்டும் குண்டூசியால் எடுத்தேன். கிதாரின் கழுத்து நெத்திலிக் கருவாடு போல் மணத்தது. ஒலி வாரத்துக்கு வாரம் கனத்தது.

தேர்வு நாள் காலையில், அக்காவின் கணவரும் சேர, ஐந்து பேரும் லோரியிலேயே புறப்பட்டோம். லூபோக் சீனாவில் இறக்க வேண்டிய மூட்டைகள் இருந்ததால் அந்தப் பக்கமாகப் போனோம். அங்கே சாலையில் போலீஸ் சோதனை. நான் தயாராக இருந்தேன். ஐந்து அடையாள அட்டைகள், வானொலிக் கடிதம், என் விடுப்பு ஆணை, லோரிப் பத்திரம், கம்பி வாங்கிய ரசீது, எல்லாம் வரிசையாக ஒரு கோப்பில். மலாய்க் கான்ஸ்டபிள் கோப்பைப் பார்க்கவே இல்லை. கிதார்ப் பெட்டியைத் திறந்தார். கம்பிகளுக்கு அடியில் மரமெல்லாம் செந்நிறக் கறை. ரத்தமா என்று மலாயில் கேட்டார்.

"இல்லைங்க என்சே, சாமி கும்பிட்டது" என்று லோரிக்காரர் மலாய் மரியாதைச் சொல் போட்டு அவருக்கு மலாயில் விளக்கினார். "இவரு வாசிச்சா சில பேருக்கு ரத்தம் வரும், அது வேற" என்பதை மட்டும் தமிழில் எங்களுக்குச் சொன்னார்.

கான்ஸ்டபிள் வாசித்துக் காட்டச் சொன்னார். மின்சாரம் இல்லாமல் அது முணுமுணுக்கும், அவ்வளவுதான். அவர் குனிந்து காதை மரத்தில் வைத்துக் கேட்டார். "செடாப்" என்றார். மலாய்க்காரர்களுக்கு ருசியான சோற்றுக்கும் இனிய ஓசைக்கும் அந்த ஒரே சொல்தான். என் கோப்பு திறக்கப்படாமலே கோலாலம்பூர் போய்ச் சேர்ந்தது.

ஒலிப்பதிவு அறையில் ஒரே ஒரு மைக். கண்ணாடிக்குப் பின்னால் ஓர் அதிகாரி. முகம் சரியாகத் தெரியவில்லை, குரல் மட்டும் ஒலிபெருக்கியில் வந்தது. போன வருடக் கடிதத்தை மனத்தில் வைத்து, ஒலிபெருக்கிப் பெட்டியை மைக்கிலிருந்து முடிந்த தூரத்தில் சுவரோரம் வைத்தேன். அக்கா ஆரம்பித்தார். மூன்றாவது வரியில் "நிறுத்துங்க" என்றது குரல்.

அக்கா முந்தானையை விரலில் சுற்ற ஆரம்பித்தார். சுற்றிக்கொண்டே இருந்தார்.

"பேஸ் வாசிக்கிறவர் எவ்வளவு தூரத்துல இருக்கீங்க?"

"பன்னிரண்டு அடி, ஐயா." அளந்திருந்தேன்.

"நாலு அடிக்கு வாங்க. நீங்க தூரத்துல இருக்கறதால அவங்க குரல் அந்தரத்துல நிக்குது."

நானும் லோரிக்காரரும் பெட்டியைத் தூக்கி வந்து வைத்தோம். அக்கா விரலிலிருந்து முந்தானையை அவிழ்த்தார். இந்த முறை யாரும் நிறுத்தவில்லை.

கடிதம் மூன்று வாரத்தில் வந்தது. தேறிவிட்டார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பாட அழைப்பு. கூடவே ஒரு படிவம், அது இல்லாமல் எந்த நல்ல செய்தியும் வராது. ஆயாக்கொட்டகைக்குப் போய், தொட்டில்களுக்கு நடுவே உட்கார்ந்து பூர்த்தி செய்தேன்.

"தொழில் என்ற இடத்தில் என்ன போடட்டும்? பாடகின்னு போடவா?"

"ஆயான்னே போடுங்க தம்பி. மத்தது அவங்களுக்கே கேக்கும்."

முதல் பாட்டு முன்பே பதிவு செய்யப்பட்டு, ஒரு ஞாயிறு மாலை நான்கரைக்கு ஒலிபரப்பானது. தோட்டத்து மண்டபத்தில் நிற்க இடமில்லை. முதலில் வழக்கம் போல் ஓர் அறிவிப்பு வந்தது. அதைப் பத்து வருடத்தில் முதல் முறையாக எல்லோரும் அமைதியாகக் கேட்டார்கள். பிறகு அக்காவின் குரல், அந்தப் பெட்டியிலிருந்து, தெளிவாக. அவர் பின்வரிசையில் இடுப்பில் யாருடைய பிள்ளையையோ வைத்துக்கொண்டு நின்றார். கணவர் பக்கத்தில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெட்டியின் ஒலிபெருக்கி சிறியது. தடித்த கம்பியின் ஒலி அதில் வருவதே இல்லை என்பதை முதல் வரியிலேயே கண்டுகொண்டேன். ஏழு பத்தி, ஏழு வாரம், ஒரு துணி.

"கிராணியாரே" என்று லோரிக்காரர் என் காதருகே சொன்னார். "உங்களை மட்டும் காணோமே பெட்டியில?"

அக்கா திரும்பாமலே பதில் சொன்னார். "இருக்காரு."

நான் அவர் கால்களைப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் தடித்த கம்பி ஒலிக்க வேண்டிய இடத்தில், கேட்காத அந்த இடத்தில், அவருடைய வலது குதிகால் சிமெண்டுத் தரையில் மெல்ல அழுந்தி ஊன்றியது.